சித்தியின் சாவிக்குக் குரல் கிடையாது

ப்ரௌசிங் சென்டரில் கம்ப்யூட்டரைவிட அதிகமாக ஹேங் ஆவது அங்கே வேலை பார்க்கிற ஆள்தான். பாதி திறந்த பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து, மீதிப் பாதி வருமா வராதா என்று தாடையில் கை வைத்துக் காத்துக் கிடந்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான். ஆன்லைனில் மேல்படிப்பு படித்தவர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்ந்தவர்களும் உங்களில் இருந்தால் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள்.

நான் ஜெனி. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி என்னைக் கைவிட்டதால், மறுபடி எழுதும் வரை கொடைக்கானலில் செல்வம் அண்ணன் சென்டரில் வேலைக்கு உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் குரலைக் கேட்டாலும் அது தொண்டைக்குள் வந்து குடியேறிவிடும். வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைக்கிற ஃபாதர், ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்கிற அக்கா, போனில் 'லைன் பிஸியாக உள்ளது' என்று சொல்கிற அம்மா, எல்லாரும் எனக்குள் வாடகை தராமல் இருக்கிறார்கள். மலையில் எனக்குக் குரல் பிடிபடாத ஒரே ஆள் காட்டெருமை. அது பேசுவதே இல்லை.

எங்கள் சென்டரின் நிரந்தர வாடிக்கையாளர் என் மேரி சித்தி. மிஷன் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். யார் யாரோ தூக்கிப்போட்ட பழைய மெஷின்களைக் கேட்டு வாங்கி, தானே திருகித் திருகி உயிர் கொடுத்து, அந்தப் பள்ளிக்கு ஒரு லேப் உண்டாக்கியவள். அடுத்த ஜூனுக்குள் முதுகலைப் பட்டம் இல்லையென்றால் பிளஸ் டூ வகுப்பும் அந்த லேபும் வேறொருவர் கைக்குப் போகும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால்தான் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பாதுகாப்பில் ஆன்லைன் எம்.எஸ். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சித்தி கடைசி வருஷத்தில் இருந்தாள்.

காட்டெருமை நகரும் வரை

வகுப்பு சாயங்காலம் நாலு மணிக்கு. பள்ளிக்கூடம் விடுவதும் அதே நாலு மணிக்கு. நடுவில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், சில நாள் ஒரு காட்டெருமை. அது ரோட்டில் நின்றால் நின்றதுதான். ஹாரன் அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, பஸ்ஸே மரியாதையாகப் பின்னால் நிற்கும். சித்தி வந்து சேர்வதற்குள் பாதி வகுப்பு ஓடிவிடும்.

பெங்களூரில் உட்கார்ந்து பாடம் நடத்தியவர் ராகவன் சார். படம் வராது, எங்கள் லைன் அந்தப் பாரத்தைத் தாங்காது. குரல் மட்டும்தான். சித்தி தன் பாஸ்வேர்டை எனக்குக் கொடுத்திருந்தால் சோலி சுலபமாக முடிந்திருக்கும். அவளோ ராகவன் சாருக்கு எழுதி, 'கேட்க மட்டும் அனுமதி, பேச முடியாது' என்ற ரகத்தில் எனக்குத் தனியாக ஒரு நுழைவு வாங்கினாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். பாதி புரியாது. ஆனால் புரியாத பாதியும் குரலோடு அப்படியே உள்ளே போய்ப் படிந்துவிடும். சித்தி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராகவன் சாராகவே ஆரம்பிப்பேன். நெட்டில் போகிற தகவல் பாக்கெட்டை ஒருவர் நடுவழியில் பிடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்புவது எப்படி என்று, அவர் 'நாட் கரெக்ட், நாட் கரெக்ட்' என்று இரண்டு தரம் சொல்கிற இடம் உட்பட, இருமல் உட்பட, முழுசாக இறக்கிவைப்பேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நடுவில் நிறுத்தி, "அந்த இடத்துல இன்னொரு வாட்டி," என்பாள். அசல் சாரிடம் அது முடியாது, என்னிடம் முடியும்.

ஒரு நாள் தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவர் ரயில் டிக்கெட் எடுக்க வந்து, எங்கள் கேபின் தட்டிக்கு வெளியே வெகுநேரமாக நின்றார். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். வகுப்பை முடித்து நானும் சித்தியும் எழுந்து வந்ததும், அவர் எட்டி உள்ளே பார்த்தார், மேஜைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உள்ள ஒரு பெரியவர் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தாரே, அவர் எந்த வழியா போனாரும்மா?"

நட் போட்டது, நட் போடாதது

மனிதர்கள் பாஸ்வேர்டை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று ஒரு ஆய்வு செய்யச் சொன்னார் ராகவன் சார். மற்ற ஊர்க்காரர்கள் கேள்வித்தாள் தயாரித்தார்கள். எங்கள் ஊரில் அதற்கென்றே கடவுள் படைத்த பொருள் ஒன்று இருக்கிறதே, ஹோம்மேட் சாக்லேட். சென்டர் வாசலில் ஒரு தட்டு வைத்தோம். 'உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், ஒரு சாக்லேட் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு அட்டை. சொன்னது எதையும் சித்தி குறித்துக்கொள்ளவில்லை. சொன்ன ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் விட்டாள்.

நான் யாரும் சொல்லமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு ரகசியத்தை யாராவது துண்டு சாக்லேட்டுக்குக் கொடுப்பார்களா? கொடுத்தார்கள். வரிசையில் நின்று கொடுத்தார்கள். பெண்டாட்டி பேர், பிள்ளை பேர், வண்டி நம்பர். ஒருவர் மனைவி பக்கத்தில் நிற்பதை மறந்து வேறொரு பெண் பேரைச் சொல்லிவிட்டு, அங்கேயே அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. "இவங்க வீட்டுக் கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்குறவங்கடி," என்று முணுமுணுத்தாள். எனக்கு அன்றைக்குத்தான் அவள் படிக்கிற படிப்பின் ஆழம் லேசாகத் தெரிந்தது. பூட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சாவி வாயில் இருக்கிறது.

மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய கடை முதலாளி பாஸ்வேர்டைக் கணீரென்று சொல்லிவிட்டு, தட்டைக் கிளறிப் பார்த்து முகம் சுளித்தார். "ஆபீஸ் பாஸ்வேர்டும்மா சொல்லியிருக்கேன், முந்திரி போட்டதா பாத்துக் குடு."

பூட்டியாச்சு அண்ணே

செல்வம் அண்ணன் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் பெற்றோரோடு சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர். பேச்சில் இன்னும் அந்த மலையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல விஷயம் எதைக் கேட்டாலும் உடனே செய்து பார்த்துவிடுவார், அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

ஃபயர்வால் என்றால் என்ன என்று ஒரு நாள் சித்தி அவருக்கு விளக்கினாள். கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் வாசல் இருக்கிறது, தேவையில்லாததையெல்லாம் பூட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். "வெளங்குச்சு டீச்சர்," என்றார் அண்ணன். மறுநாள் வெள்ளனே வந்து பூட்ட ஆரம்பித்திருக்கிறார். நான் போனபோது சென்டர் நிறைய சீசன் கூட்டம், ஒரு மெஷினிலும் ஒன்றும் திறக்கவில்லை. மெயில் இல்லை, ரயில் டிக்கெட் இல்லை. மூலையில் இருந்த பிரிண்டர்கூட யாரையும் தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஒரு பய உள்ள வர முடியாது புள்ள, எல்லாத்தயும் அடைச்சிட்டேன்," என்றார்.

கிளாவரை கிராமத்திலிருந்து மகளின் காலேஜ் அட்மிஷன் பார்க்க வந்திருந்த காரட் விவசாயி ஒருவர், வெற்றுத் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாத்தையும் அடைச்சீக, இந்த ஷட்டரையும் இழுத்து அடைச்சுட்டீகன்னா நாங்க வெரசா பஸ்ஸப் புடிப்போம்ல தம்பி."

இரண்டு சாவி

இப்போது சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

வருஷ ஆரம்பத்தில் மதுரையில் ஒரே ஒரு நாள் நேரடி வகுப்பு நடந்தது. அங்கே ஒவ்வொருவரும் தன் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய இரண்டு சாவிகளில் ஒன்றை ராகவன் சாரிடம் கொடுக்க வேண்டும். இரும்புச் சாவி இல்லை, எண்களால் ஆன சாவி. ஒன்று பொதுச் சாவி, ஊரெல்லாம் கொடுக்கலாம். இன்னொன்று ரகசியச் சாவி, அது தன்னிடம் மட்டும். ரகசியச் சாவியால் ஒரு வரிக்கு முத்திரை வைத்தால், பொதுச் சாவியை வைத்திருக்கிற யாரும் அது அவர் வைத்த முத்திரைதானா என்று சோதித்துவிடலாம். ஆனால் அந்தப் பொதுச் சாவியை வைத்து அதே மாதிரி ஒரு முத்திரை செய்ய முடியாது. ராகவன் சார் அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்து, ஒவ்வொருவர் சாவியையும் தன் கையால் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சித்தி அனுப்பிய ஒவ்வொரு பாடத்திலும் அந்த முத்திரை இருந்தது.

"யாராலயும் செய்ய முடியாதா?" என்று சித்தியிடம் கேட்டேன்.

"முடியாது."

"ரொம்பக் கெட்டிக்காரனா இருந்தா?"

"உலகத்துல இருக்குற கம்ப்யூட்டரை எல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டு, இந்த மலை தேய்ஞ்சு வைகையில போற வரைக்கும் உக்காந்தாலும் முடியாதுடி."

சக பாவிகளே, யோசித்துப் பாருங்கள். நான் யாரைப் போலவும் பேசுவேன். ஃபாதர் குரலில் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு அந்திமணியை முன்னாலேயே அடிக்கவைத்தவள். என்னிடம் வந்து, பேரண்டத்தில் ஒரு பொருளை யாராலும் மிமிக்ரி செய்ய முடியாது என்கிறாள். அன்று ராத்திரி முழுக்க அந்த எண்களை நினைத்தேன். வானம் முழுக்க நட்சத்திரம் இருக்கும்போது அண்ணாந்து பார்த்தால் ஒரு மாதிரி தலை சுற்றுமே, அப்படி இருந்தது.

ஆனால் நான் நானாக இருக்க வேண்டுமே. சாவி இருந்த பென் டிரைவைச் சித்தி சிலுவைச் செயினோடு கழுத்தில் போட்டிருந்தாள். அதைத் திறக்க ஒரு ரகசிய வாக்கியம் வேண்டும். அது அவள் மனசுக்குள். வாக்கியம்தானே, வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். தலைமை சிஸ்டர் குரலில் பள்ளிக்குப் போன் போட்டேன், பலிக்கவில்லை. ஃபாதர் குரலில், பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தையே இழுத்துப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வீட்டிலிருந்து போன் போட்டு ராகவன் சாராகவே பேசினேன், இருமலோடு. 'மேரி, உங்க சாவியில ஒரு சிக்கல், வாக்கியத்தைச் சொல்லுங்க, நான் இங்கேயே சரிபண்ணிடறேன்.' சித்தி பணிவாக, முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சொல்றேங்க சார், அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, எங்க வீட்டுச் சேவல் பெங்களூர்ல எப்படி சார் கூவுது?"

சித்தி பேசாத நாட்கள்

தொண்டை என்பது டீச்சர்களுக்கு வாடகை வீடு மாதிரி, எப்போது காலி செய்யச் சொல்லும் என்று தெரியாது. பனிக்காலத்தில் சித்தியின் குரல் கட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. மதுரை டாக்டர் உள்ளே கருவி விட்டுப் பார்த்து, குரல்நாணில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும், பிறகு ஒன்றரை மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றுவிட்டார். முணுமுணுக்கவும் கூடாது.

பள்ளியில் லீவு கொடுத்தார்கள். வகுப்பில் லீவு இல்லை. அதுவும் அது விவாத வாரங்கள். பேசினால்தான் மார்க். சித்தி ஒரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எழுதுவாள், பக்கத்தில் இருந்து நான் பேசுவேன். எந்தக் குரலில்? அவள் குரலில்தான், வேறெந்தக் குரலில் அவளுக்காகப் பேசுவது? வாக்கியம் முடிகிற இடத்தில் லேசாக மேலே ஏற்றி, கேள்வி கேட்பது போல நிறுத்துகிற அவள் பழக்கம் உட்பட. இதை ராகவன் சாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதுகாப்பில் எம்.எஸ். படிக்கிற அவளுக்கும் தோன்றவில்லை. சொல் அவளுடையது, குரல் அவளுடையது, வாய் மட்டும் கொஞ்ச நாளைக்கு என்னுடையது. எங்கள் வீட்டில் கறிக்கடைக்காரரிடம் அவளாகப் போனில் பேசிக் கோழி சொல்வதே நான்தானே.

அந்த நாட்களில்தான் அவளை நான் உள்ளேயிருந்து பார்த்தேன். எதிராளி பேசி முடிப்பதற்கு முன்னாலேயே அவள் சாக்பீஸ் ஓடும். அவன் எந்த வாசல் வழியாகத் திருடன் வரமாட்டான் என்கிறானோ, அந்த வாசலைத் திறந்து திருடனை உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பாள். எனக்குப் பாதி புரியாது, ஆனால் வாயில் வரும்போது சொல்லின் கனம் தெரியும். இப்படி ஒரு மூளைக்கு வாயாக இருந்ததில், சின்ன மெஷினில் பெரிய கரண்டை விட்டது மாதிரி எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. கூடப் படித்த திருச்சி பாங்க் ஆபீசர் ஒருவர் தன் பாங்கின் பாதுகாப்பு உடைக்க முடியாதது என்று வாதாடினார். சித்தி சிலேட்டில் எழுத, நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் அவர் சொன்னார்: "மேடம், போதுங்க, எனக்கு இப்பவே ஆபீசுக்குப் போய்ப் பூட்டைப் பாக்கணும் போல இருக்கு."

நீங்க யாரு?

ஏப்ரலில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கடைசிப் படி. இதில் தேறினால் பட்டம், தவறினால் ஜூனில் லேப் போய்விடும். சித்திக்குப் பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. அடியில் இறங்கி, கொஞ்சம் கரகரப்பாக, வேறு யாருடையதோ மாதிரி வந்தது. மெல்லப் பழகிக்கொள்ளலாம் என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே கோடை மழை. உள்ளே சீசன் கூட்டம். கேபினில் சித்தியும், தண்ணீர் செம்போடு நானும். அந்தப் பக்கம் ராகவன் சார், கூடவே வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மா. சித்தி வணக்கம் சொல்லித் தன் பேரைச் சொன்னாள். பிறகு ராகவன் சார் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார். "ஒரு நிமிஷம். நீங்க யாரு பேசறது?"

"மேரிதான் சார்."

"நாட் கரெக்ட். மேரி குரல் எனக்கு நல்லாத் தெரியும். விவாத வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கேன்."

எனக்குச் செம்புத் தண்ணீர் மடியில் கொட்டியது. அந்த வகுப்பில் அவர் கேட்ட குரல் என்னுடையது. சித்தி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. அவள் மறைக்கவில்லை. ஆபரேஷன், சிலேட்டு, நான், எல்லாவற்றையும் அந்தக் கரகரக் குரலிலேயே சொன்னாள். டாக்டர் சீட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பட்டுமா என்று கேட்டாள். "சீட்டு யாரு வேணாலும் செய்யலாமேம்மா," என்றார் தேர்வாளர் அம்மா, கோபமில்லாமல். பழைய பாடத்தில் கேள்வி கேளுங்கள் என்றாள் சித்தி. "கூடவே இருந்த பொண்ணுக்கும் அது தெரியுமே." ராகவன் சார் என்னைப் பேசச் சொன்னார்.

நான் வணக்கம் சொன்னேன். பயத்தில் என்ன வந்தது தெரியுமா? சித்தியின் பழைய குரல். அந்த வாரங்களில் அது என் தொண்டையிலேயே தங்கிவிட்டது. "இதுதான் மேரி," என்றார் ராகவன் சார் பட்டென்று. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, என் மிமிக்ரி சுமாராக இருந்திருக்கக் கூடாதா என்று வேண்டினேன். என் சொந்தக் குரலில் பேசிக் காட்டச் சொன்னார் தேர்வாளர் அம்மா. அதைத் தேடினேன். கண்டக்டர் வந்தார், ஃபாதர் வந்தார், ஸ்வெட்டர் அக்கா வந்தார். என் குரல் எங்கே கெடக்கு என்று தெரியவில்லை.

அப்போது சித்தி கழுத்துச் செயினைக் கழற்றினாள். பதற்றமே இல்லை. "சார், மதுரையில என் முகத்தைப் பாத்து, அட்டையைப் பாத்து, உங்க கையால என் பொதுச் சாவியை வாங்கினீங்க. அது இன்னும் உங்ககிட்ட இருக்கு. இப்ப நீங்களே ஒரு வரி சொல்லுங்க. நான் முத்திரை வச்சு அனுப்புறேன். என் குரலை நம்ப வேணாம்."

தேர்வாளர் அம்மா கொஞ்சம் யோசித்து ஒரு வரி சொன்னார். 'இன்று பெங்களூரில் என் குடை தொலைந்தது.' யாரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க முடியாத வரி. சித்தி அதைத் தட்டினாள். என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ரகசிய வாக்கியத்தின் எழுத்துகள் என் முதுகுக்குப் பின்னால் தட்தட்டென்று விழுந்தன. அனுப்பினாள். போகவில்லை. மழையில் லைன் பாதி செத்துப்போய், எண்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் எட்டிப் பார்த்துச் செல்வம் அண்ணனிடம் ஜாடை காட்டினேன். அவர் நடுவில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, அம்மா, எல்லாரும் கொஞ்ச நேரம் கைய எடுங்க, உள்ள ஒரு டீச்சருக்கு அவங்கதான் அவங்கன்னு காட்ட வேண்டிக் கெடக்கு." என்ன ஏது என்று தெரியாமலே அத்தனை சுற்றுலாக்காரர்களும் மௌஸிலிருந்து கையை எடுத்தார்கள். அப்படி ஒரு நிசப்தத்தைக் கோயிலில்கூட நான் கேட்டதில்லை. கூரையில் மழை மட்டும் பேசியது.

சின்ன வரிதான். போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம். "முத்திரை சரியா இருக்கு," என்றார் ராகவன் சார். குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா அந்தப் பொண்ணுக்கு வாக்கியம் தெரிஞ்சிருந்தா?"

"தெரியாது சார்," என்றேன். அது யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை. ஒல்லியாக, நடுங்கிக்கொண்டு வந்தது. "எல்லாக் குரல்லயும் கேட்டுப் பாத்துட்டேன் சார். உங்க குரல்லயும் கேட்டேன். சொல்லவே மாட்டேன்னுட்டாங்க."

"என் குரல்லயா?"

செய்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன், இருமலோடு. அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு தேர்வாளர் அம்மா பேசினார். "பாருங்க சார், சாவியைக் காப்பாத்தத் தெரியாதவங்களுக்கு இந்தப் பட்டம் எதுக்கு? இப்படி ஒரு பிசாசைப் பக்கத்துல வச்சுக்கிட்டே காப்பாத்தியிருந்தா, இவங்கதான் மேரி. நம்ம வைவாவை ஆரம்பிக்கலாம்."

விவாதத்தில் பேசியதற்கான மார்க்கை எடுத்துவிட்டார்கள். வாய் என்னுடையதாம். நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு சித்தி, தன் புதுக் குரலில், கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். நான் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டில் யாரோ ஒரு பெரிய வீட்டின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுவது மாதிரி இருந்தது. முடிவில் ராகவன் சார் தொண்டையைக் கனைத்தார். வாழ்த்து சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். "நான் இருமறது அப்படியா இருக்கு?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா மைக்கை மூட மறந்துவிட்டார்: "அப்படியேதான் சார் இருக்கு."

சொல்லட்டுமா

மே மாதம் ரிசல்ட் எங்கள் சென்டரிலேயே திறந்தது, பாதிப் பக்கம் முதலில், மீதிப் பாதி ரொம்ப நேரம் கழித்து. நல்லவேளை, 'தேர்ச்சி' மேல் பாதியில் இருந்தது. சித்தி லேப் சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்து அழுதாள், அழும்போதும் புதுக் குரல். செல்வம் அண்ணன் எல்லாருக்கும் டீ சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "வருஷம் பூராக் கேட்டேல்ல. சாவியை மாத்தப்போறேன், பழசு இனிமே செல்லாது. அந்த வாக்கியத்தைச் சொல்லட்டுமா?"

வாய்க்கு எட்டியது. ஃபாதர் குரலில், சிஸ்டர் குரலில், சேவல் கூவ சார் குரலில் அதற்காக அலைந்தவள் நான். ஆனால் அந்த மழை நாளும், கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், என் முதுகுக்குப் பின்னால் விழுந்த அந்தத் தட்தட்டும் ஞாபகம் வந்தது. உலகத்தில் என் கைக்கு எட்டாதது ஒன்றாவது இருக்கட்டுமே என்று தோன்றியது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "வேணாம் சித்தி."

டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர், ஒரு வரி சொல்லி முத்திரை வாங்கிருங்க. இது நம்ம ஜெனி இல்ல, வேற யாரோ அவ கொரல்ல பேசுது."

மொத்தத்தில், காட்டெருமைக்கு அடுத்தபடியாக இந்த மலையில் எனக்குக் குரல் பிடிபடாதது சித்தி கழுத்தில் தொங்குகிற அந்தச் சாவிதான், மூன்றாவதாக என் சொந்தக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.